ஒரு குட்டி ஸ்க்ரூ போட என்ன கஷ்டம்?

1/ "க்யூட்டான டிசைன்" வீடியோ பார்த்து ஹார்ட் போடுற எல்லாருக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன். பொறுத்துக்கோங்க.

2/ தொட்டா எரியுற மெழுகுவர்த்தி, பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டை, விரல் தடிமன்ல ரிமோட், மினுமினுக்குற கீ செயின். எல்லாத்தையும் "என்னமா யோசிச்சிருக்கான்!"னு ஷேர் பண்றோம். உள்ளே என்ன இருக்குன்னு யாராவது பார்த்தோமா? பெரும்பாலும் ஒரு பட்டன் பேட்டரி. பல பொருள்ல அதோட மூடியை நகத்தால நெம்பினாலே கழன்றுடும்.

3/ நான் டியூட்டியில இருந்த ஒரு ராத்திரி, ஒன்றரை வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. எச்சில் ஒழுகுது, எதையும் விழுங்க மாட்டேங்குது. "சளி போல டாக்டர்"னு அம்மா சொன்னாங்க. எக்ஸ்ரேல உணவுக்குழாயில ஒரு வட்டம். காசு மாதிரியே இருந்தது. ஆனா விளிம்புல இன்னொரு வளையம். அந்த ரெட்டை வளையம் தெரிஞ்சா அது காசு இல்லை, பேட்டரி.

4/ பேட்டரி உடைஞ்சு ஒழுகினாத்தான் ஆபத்துன்னு பலரும் நினைக்கிறாங்க. தவறு. ஈரமான உணவுக்குழாய்ச் சுவரைத் தொட்டதும் மின்சாரம் பாயும். அந்த இடத்துல கடுமையான காரம் உருவாகி சதையை அரிக்கும். 20 மி.மீ. அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி இரண்டே மணி நேரத்துல பெரிய காயம் உண்டாக்கிடும். பக்கத்துலயே மூச்சுக்குழாய், மகாதமனி. "தீர்ந்துபோன" பேட்டரியிலயும் இதுக்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

5/ உடனே ஒரு கமெண்ட் வரும்: "பெத்தவங்க பார்த்துக்கணும் டாக்டர்." அந்த அம்மா அன்னிக்கு அழுதுட்டே சொன்னதும் இதுதான்: "நான்தான் கவனிக்கல." எனக்கு அங்கதான் கோபம் வந்தது. ரிமோட்டை வடிவமைச்சவர் செஞ்ச தப்புக்கு இவங்க ஏன் குற்றவாளிக் கூண்டுல நிக்கணும்?

6/ மாத்திரை விஷயத்துலயும் ஒரு காலத்துல பெத்தவங்களைத்தான் திட்டினாங்க. கனடாவின் வின்ட்சர் நகரத்துல ஹென்றி ப்ரோல்ட்னு ஒரு குழந்தை மருத்துவர். மாத்திரை விழுங்கி வந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர், அறிவுரை சொல்றதோட நிறுத்தல. மூடியை மாத்த வெச்சார். 1967ல் வந்தது, அழுத்தித் திருகினா மட்டும் திறக்கிற மூடி. 1970ல் அமெரிக்காவுல இப்படிப்பட்ட பாதுகாப்பு பேக்கிங்குக்குச் சட்டமே வந்தது. எனக்கு அதுதான் டிசைன். பார்க்க அழகா இருக்காது, உயிரைக் காப்பாத்தும்.

7/ பட்டன் பேட்டரிக்கும் வழி தெரியும். ரிமோட் பேட்டரியை விழுங்கி இறந்த ரீஸ் என்ற குழந்தையின் பெயரில் 2022ல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் கட்டாய விதிகள் வந்தன. சாரம் ஒண்ணுதான்: குழந்தை கையால திறக்க முடியாத மூடி. கசப்புப் பூச்சு பூசின பேட்டரிகூட கடையில வந்தாச்சு.

8/ நம்ம ஊர்ல? 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நல்ல விஷயம். ஆனா ரிமோட்டும் கிச்சன் தராசும் எல்இடி அகலும் பொம்மை இல்லையே! குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

9/ "ஸ்க்ரூ போட்டா லுக் போயிடும்"னு சொல்ற டிசைனர்களுக்கு: ஒரு நாள் வார்டுக்கு வாங்க. வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வழியா பால் போகுற குழந்தையைப் பாருங்க. அப்புறம் லுக்கைப் பத்திப் பேசலாம்.

10/ நீங்க செய்ய வேண்டியது:
வாங்கும்போது மூடியில ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வாங்காதீங்க, ரிவ்யூல காரணத்தை எழுதுங்க.
பழைய பேட்டரியை ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்துல வையுங்க.
விழுங்கின சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. விழுங்கி 12 மணி நேரத்துக்குள்ள, ஒரு வயசு தாண்டின, விழுங்க முடியுற குழந்தைன்னா, போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன், அதிகபட்சம் 6 தடவை. தேன் தேடி நேரத்தைக் கடத்தாதீங்க.

11/ அந்தக் குழந்தை பிழைச்சுட்டான். இன்னும் கெட்டியா எதையும் விழுங்க முடியல. இதைப் படிச்சு முடிச்சதும் எழுந்து போய் உங்க வீட்டு ரிமோட்டைத் திருப்பிப் பாருங்க.