படிக்கட்டுக்கு அடியில் ஒரு குதிரை

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் 13 வருஷமாக ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. மேலே ஒரு கிழிந்த பெட்ஷீட். அதற்கு மேல் கொலுப்படிப் பலகை, காய்ந்துபோன பெயிண்ட் டப்பா, யாரோ எப்போதோ வாங்கிய குடை. புதிதாக வருகிறவர்கள் அதை ஷெல்ஃப் என்று நினைத்து ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போவார்கள்.

பெட்ஷீட்டுக்குள் இருந்தது அப்பாவின் பஜாஜ் சேட்டக்.

இந்தத் தலைமுறைக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போது ஷோரூமுக்குள் எட்டிப் பார்த்தாலே வண்டியை நம் தலையில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். அப்போது அப்படி இல்லை ஸார். அப்பா 1981ல் பணம் கட்டிப் பதிவு செய்தார். வண்டி 1987ல் வந்தது. இடையில் தங்கை பிறந்து எல்.கே.ஜி.யும் சேர்ந்துவிட்டாள். வண்டி வந்த அன்று சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பிள்ளையார் கோயில் வரை தெருவே கூட வந்தது. முன்னால் நான் நின்றுகொள்வேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தங்கை சாண்ட்விச் ஆவாள். அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொள்வாள். அந்த லோடோடு நங்கநல்லூரிலிருந்து மாம்பலம் போய்விட்டு வந்திருக்கிறோம்.

2009ல் அந்தக் கம்பெனி ஸ்கூட்டர் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தது. 2020ல் அதே பெயரில் பேட்டரி வண்டி வந்தது. அதற்கு கிக்கர் கிடையாது, கியர் கிடையாது, புகையும் கிடையாது. அப்பா பேப்பரில் பார்த்துவிட்டு, "பேரை மட்டும் வச்சுட்டாங்க" என்றார். அவ்வளவுதான். ஸ்கூட்டர் பற்றி அவர் பேசியே வருஷக்கணக்காகியிருந்தது.

அதற்குக் காரணம் நான்.

2012ல் ஒரு வெள்ளிக்கிழமை காலை. அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். தெருமுனையில் ஒரு மாடு நிதானமாகக் குறுக்கே வந்தது. வண்டி நிற்காமல் போய் ஒரு வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் இடித்தது. அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆபீஸிலிருந்து ஓடிவந்த நான், ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து பேர் பார்க்க அப்பாவிடம் கத்தினேன்.

"66 வயசாச்சு. கண்ணும் தெரியலை, காலும் வரலை. எதுக்கு இந்த வேலை? இனிமே வண்டியைத் தொடாதீங்க!"

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பிரேக் பிடிக்கலைடா."

"இடிச்சவங்க எல்லாரும் சொல்றதுதான் அது" என்றேன்.

மறுநாள் அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் படிக்கு அடியில் நிறுத்தி, பெட்ஷீட்டைப் போர்த்தி, சாவியை என் மேஜையில் வைத்துவிட்டார்.

* * *

போன வருஷம் பழைய இரும்புக்காரர் வந்து அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொன்னார். நானும் சரியென்று சொல்லத்தான் வாயெடுத்தேன். காலேஜ் படிக்கிற என் பையன் குறுக்கே பாய்ந்தான். "அப்பா! இது வின்டேஜ்! ரெடி பண்ணி ஓட்டலாம்பா!" நான் ஓட்டினால் ஓட்டை வண்டி, அவன் ஓட்டினால் வின்டேஜ்!

பெட்ஷீட்டை உருவினான். டிக்கிக்குள் எலி ஒன்று மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்திய அடையாளங்கள் இருந்தன. பையன் உற்சாகமாகக் கிக்கரில் காலை வைத்தான்.

"தம்பி, காலை எடு!"

குரல் கொடுத்தவர் நாங்கள் தேடிப் பிடித்துக் கூட்டி வந்த மெக்கானிக் பாய். அறுபதைத் தாண்டியவர். "13 வருஷமா தூங்குற ஆளை எட்டி உதைச்சா எழுப்புவே? உள்ளே பிஸ்டன் ரிங் துருவுல ஒட்டிக்கிட்டிருக்கும். உதைச்சா போரெல்லாம் கீறிக்கும்" என்றார். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டூ-டி ஆயில் விட்டார். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் காலையில் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினார். இறங்கியது. "பிஸ்டன் உசுரோட இருக்குது ஸார்."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குதிரை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பாடம்: உதைக்காதீர்கள்.

இரண்டாவது, டேங்க். மிச்சமிருந்த பழைய பெட்ரோல் டிகாஷன் நிறத்தில் வார்னிஷ் வாடை அடித்தது. அதை ஊற்றிவிட்டு டேங்கைத் தனியே கழற்றினார். உள்ளே ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் போட்டு, மூடி, பையனின் மடியில் வைத்தார். "ஆட்டு." பையன் அரை மணி நேரம் கைக்குழந்தை மாதிரி ஆட்டினான். திறந்து கொட்டினால் செம்மண் கரைசல். இப்படி மூன்று தடவை. 'வின்டேஜ்' என்ற வார்த்தை அதற்கப்புறம் அவன் வாயில் வரவில்லை.

மூன்றாவது, கார்புரேட்டர். ஜெட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் பழைய பெட்ரோல் பிசினாக அடைத்துக்கொண்டிருந்தது. நான் உதவி செய்கிற ஆர்வத்தில் ஊக்கை நீட்டினேன். பாய் என் கையைத் தட்டிவிட்டார். "குத்தினா ஓட்டை பெரிசாயிடும். அப்புறம் பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும்." பெட்ரோலில் கழுவி, காற்றடித்தே சுத்தம் செய்தார். விறைத்துப்போன பெட்ரோல் டியூபை வீசிவிட்டுப் புதிதாக மாட்டினார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது, ஈரத்தையும் இழுக்கும். வண்டியை மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு நிறுத்துவது உத்தமம்.

பிறகு பாயின்ட். மெல்லிய எமரி பேப்பரை இரண்டு இழுப்பு. பெட்ரோல் டப்பாவை எல்லாம் தூரத் தள்ளிவைத்துவிட்டு, பிளக்கை இன்ஜின் உடம்பில் தொடவைத்து கிக்கரை மிதித்தார். 'சட்'டென்று நீலமாக ஒரு பொறி! பையன் கைதட்டினான்.

கிளட்ச்சில் கார்க் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக் கட்டாகியிருந்தன. மாற்றியாகிவிட்டது. கேபிள்கள்... ஆக்சிலேட்டருக்கு, கிளட்ச்சுக்கு, கியருக்கு இரண்டு, பிரேக்குகளுக்கு. எல்லாமே உள்ளே துருப்பிடித்திருந்தன. டயர் மட்டும் பட்டன் போகாமல் பளிச்சென்று இருந்தது. "இது நல்லாத்தானே இருக்கு பாய்?" என்றேன். பக்கவாட்டில் கட்டை விரலை அழுத்திக் காட்டினார். மண்பானை மாதிரி விரிசல். டயருக்கு ஓடினால் மட்டுமல்ல, நின்றாலும் வயசாகிறது.

சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் அலைந்தேன். ஆபீஸில் லீவ் லெட்டரில் 'குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை' என்று எழுதினேன். பொய் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இத்தனை நடக்கும்போதும் அப்பா வெளியே வரவில்லை. ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று கவனித்தேன். முதல் நாள் ஜன்னலோரம் இருந்த அவர் நாற்காலி, மூன்றாம் நாள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

* * *

"ஸ்டார்ட் பண்ணிடலாமா பாய்?" என்றேன்.

"பிரேக்கைப் பார்க்காமலா? ஓட வைக்கறது பெரிசில்லை ஸார், முதல்ல நிக்க வைக்கணும்" என்று பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மையும் இழுத்தார். பிரேக் ஷூவைக் கையில் எடுத்தவர், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வண்டி எங்கேயாச்சும் இடிச்சுதா ஸார்?"

எனக்குத் திக்கென்றது. "ஏன்?"

"பாருங்க." ஷூவின் மேல் பாகம் கறுத்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. "சேட்டக்ல பின் சக்கரத்துக்கு உள்பக்கமே கியர் பாக்ஸ். நடுவுல ஒரு ஆயில் சீல் இருக்கும், ரப்பர். வயசானா அது தேய்ஞ்சு கியர் ஆயில் டிரம்முக்குள்ள கசியும். ஷூ அதைக் குடிச்சுடும். அப்புறம் காலால எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கிட்டுத்தான் போகும்."

"நின்னுக்கிட்டிருந்த 13 வருஷத்துல கசிஞ்சிருக்கலாமே?" என்றேன். எப்படியாவது தப்பிக்கப் பார்த்தேன் என்பதுதான் உண்மை.

"நின்ன வண்டியில கசிஞ்சா ஈரம் மட்டும்தான் இருக்கும். இது ஓடும்போது ஆயிலோட தேய்ஞ்சு, சூட்டுல வெந்தது. பல நாள் ஓட்டியிருக்காங்க இப்படியே. ஓட்டினவர் சொல்லியிருப்பாரே?"

சொன்னார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அந்த வாரத்திலேயே சொன்னார். "பின் பிரேக் சரியா பிடிக்க மாட்டேங்குதுடா, ஒர்க் ஷாப்ல விடணும்." நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்பா" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஷூவைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

"ஆயில்" என்றார்.

"ஆமாம்பா. ஆயில் சீல் போயிருக்கு. அன்னிக்கு நான்... உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு பேப்பரை மறுபடி அழகாக மடித்தார். "ரெண்டு ஷூவையும் சேர்த்து மாத்தச் சொல்லு. சீலைப் போடாம வெறும் ஷூவை மாத்தினா பிரயோஜனமில்லை."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "அவர் அன்னிக்கு பிரேக்கை அமுக்கினது எனக்குத் தெரியும். பின்னாடி உட்கார்ந்திருந்தவ நான்தானே?"

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்கே கேட்டே?"

* * *

மறுநாள் புது ஷூ, புது சீல் எல்லாம் போட்டு முடித்த பிறகு, ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி ஆயில் கலந்து ஊற்றினார் பாய். வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தினார். (சேட்டக் வைத்திருந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவீர்கள். தெரியும்.) கிக். ஒன்று... ஐந்து... பதினொன்று. பன்னிரண்டாவது கிக்கில் 'டுபு டுபு டுபு' என்று உயிர் வந்தது. புகையில் எதிர்வீடு மறைந்தது. ஆனால் ஒரு நிமிஷத்தில் குரல் தடுமாறி, திணறி...

"சோக்கை மூடச் சொல்லுடா!" என்று ஹாலுக்குள்ளிருந்து ஒரு அதட்டல்.

பாய் சோக்கைத் தள்ளினார். இன்ஜின் சீரானது. "உள்ளே யாரு ஸார்? பெரிய மெக்கானிக்கா?" என்றார் மரியாதையாக.

ரோட்டில் ஓட்டிவிட முடியுமா என்றால் முடியாது. ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2002ல், 2007ல் அப்பா ஒழுங்காகச் செய்திருந்தார். 2012ல் செய்ய வேண்டியது நின்றுபோயிற்று. கட்டணம் 2022ல் 300லிருந்து 1000 ஆனது. 2025ல் 20 வயது தாண்டிய இரு சக்கர வண்டிக்கு 2000 ஆகிவிட்டது. கூடவே படிவம் 25, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், பசுமை வரி, தாமதத்துக்குத் தனி மொய். இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும். ஆர்.சி. இல்லாமல் ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது. ஆகவே ஒரு டாடா ஏஸில் ஏற்றினோம்.

சேட்டக் என்பது ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். 1576ல் ஹல்திகாட்டி சண்டையில் அது எதிரியின் யானை மேலேயே காலைத் தூக்கி வைத்ததாகக் கதை. எங்கள் சேட்டக்கும் சரித்திரத்தைக் காப்பாற்றிவிட்டது. குட்டி யானை மேல் ஏறித்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போயிற்று!

இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், விளக்கைப் போடச் சொன்னார், ஹார்ன் அடிக்கச் சொன்னார். பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நின்றது.

புது ஆர்.சி. கைக்கு வந்த அன்று வண்டியை வாசலில் நிறுத்தினேன். அப்பா மெதுவாக இறங்கி வந்தார். அவருக்கு இப்போது 79. ஓட்டுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். சீட்டைத் தட்டினார். பிறகு செருப்புக் காலால் பின் பிரேக்கை ஒரு தடவை அமுக்கினார். "தள்ளுடா" என்றார். தள்ளினேன். நகரவில்லை.

"இப்ப பிடிக்குது" என்றார்.

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "பிள்ளையார் கோயில் வரைக்கும் போ. கிளட்ச்சைப் பட்டுன்னு விடாதே. ரெண்டாவது கியர் போடு. போடுடா... போட்டியா?" கோயில் வரும் வரை நிறுத்தவில்லை, வண்டியும் அப்பாவும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். வீட்டில் பெரியவர்கள் பிரேக் பிடிக்கவில்லை என்றால், அவர்கள் வயசைப் பார்க்காதீர்கள். பிரேக்கைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

பி.கு.: தெருமுனையில் அன்றைக்கும் ஒரு மாடு நின்றிருந்தது. திரும்பி வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அதே மாடா?" என்றாள் பதறிப்போய். அப்பா நிதானமாகச் சொன்னார்: "அதோட பேத்தியா இருக்கும். அதுவாவது வழி விட்டுது."