புல்மோட்டை மணலும் ஹந்தானை ஆய்வும்

கண்டியில், ஹந்தானை மலைச்சாரலில், தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இயங்கி வருகின்றது. 1981ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அக்கழகத்தில், ஒளியால் வினைபுரியும் பொருள்களைப் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் முதலிய அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தனர். அவற்றுள் தலையாயது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தரும் அதே பொடி!

இப்பொருளைப் பிளாற்றினத்துடன் இணைத்து நீரில் வைத்து ஒளிபாய்ச்சினால் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும் என்பதை, 1972இல் ஃபுஜிஷிமா, ஹொண்டா என்னும் யப்பானிய அறிஞர் இருவர் உலகுக்கு அறிவித்தனர்.

இதனால் உழவனுக்கு என்ன பயன் என்று வினவலாம். ஐதரசனும் காற்றிலுள்ள நைதரசனும் சேர்ந்தால் அமோனியா, அமோனியாவிலிருந்து யூரியா. இன்று அந்த ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்படுகின்றது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. 2022இல் டொலர்ப் பஞ்சம். எரிபொருளுக்கு நீண்ட வரிசை. பிறநாட்டுப் பசளையையும் எண்ணெயையும் நம்பியிருந்த நம் வயல்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா?

நாளையே வெயிலில் பசளை விளையும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது மக்களை ஏய்ப்பதாகும். தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஞாயிற்றொளியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கான புறவூதா ஒளியை மட்டுமே பயன்கொள்ளும். 2021இல் யப்பானியர் வேறோர் ஊக்கியைக் கொண்டு 100 சதுர மீற்றர் பரப்பில் நடத்திய பெருஞ்சோதனையிலும் உச்சப் பயன் 0.76 சதவீதமே. கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் ஏற்று, நீரில் கெடாது நிலைத்து, மலிவாகவும் கிடைக்கும் ஊக்கி இன்னும் தேடப்படுகின்றது. முடிவு காணாத இத்தேட்டத்தில் சிறிய நாட்டுக்கும் இடமுண்டு.

அத்தேட்டத்திற்கு வேண்டிய மூலப்பொருளோ நம் காலடியில் கிடக்கின்றது. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையின் இல்மனைற்று மணலில் தைத்தேனியம் உண்டு. பல்லாண்டுகளாக அம்மணலைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றினோம். அதிலிருந்து ஆக்கப்படும் பொருளை விலைகொடுத்து வாங்கினோம். மணலை விற்று வெண்பொடியை வாங்கும் வாணிபம் எவருக்கு இலாபம்?

நாம் கேட்பது பெரிதன்று. மணல் வருவாயில் ஒரு சிறு பங்கை ஹந்தானைக்கும், பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்குக. மணல் எடுக்கப்படும் ஊரின் பிள்ளைகளுக்கு அவ்வாய்வுகூடங்களில் புலமைப்பரிசில் வழங்குக. கடற்கரையை மக்கள் இசைவின்றித் தோண்டாதிருக்க.

கற்றோரும் உழவரும் ஒருகுரலாய் இதனைக் கேட்கவேண்டும். ஞாயிறு எவரிடமும் டொலர் கேட்பதில்லை. அதன் ஒளியைப் பயன்கொள்ளும் அறிவையேனும் நாமே தேடிக்கொள்வோமாக!