பாலூட்டும் வேளை

தொழில் பார்க்கும் தாய்மாருட் பலர் மூன்று மாதத்திலேயே குழந்தைக்குப் புட்டிப்பால் பழக்கிவிடுகின்றனர். ஏனென்று வினவினால், “லீவு முடிந்துவிட்டதே” என்பர். லீவுடன் உரிமை முடிந்துவிடுவதில்லை, சகோதரிகளே!

ஆலைகளிலும் தோட்டங்களிலும் உழைக்கும் பெண்களுக்கு உரியது 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். மூன்றாம் பிள்ளை முதலாக 42 நாட்களேயிருந்த விடுமுறையை 2018இல் திருத்தி, எப்பிள்ளைக்கும் 84 நாட்களாக்கினர். (பிந்திப் பிறந்தமை பிள்ளையின் குற்றமோ?) குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணி நேரத்துள் இருமுறை பாலூட்டும் இடைவேளையும் அச்சட்டத்தில் உண்டு. தொழிலிடத்திற் குழந்தைக் காப்பகம் இருப்பின் அரைமணி வீதம். இல்லையேல் ஒருமணி வீதம். உணவு இடைவேளையை இதனுள் அடக்குதல் ஆகாது.

ஆயினும், கட்டுநாயக்காவிலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவளின் குழந்தை தொலைதூர ஊரிற் பாட்டியிடம் வளருமாயின், அவ்வொரு மணியால் ஆவதென்ன? மலையகத்துப் பிள்ளை மடுவத்திற் குறைகள் பல உளவெனினும், அங்கே குழந்தை கூப்பிடு தொலைவில் இருக்கின்றது. ஆலைப் பெண்களும் முதலிற் கேட்கவேண்டியது காப்பகத்தையே. குழந்தையை நாள்தோறும் வீட்டில் விட்டுவருவோர், பால் கறந்து வைக்க மறைவானதோர் அறையும் குளிர்ப்பெட்டியும் கேட்கலாம். கறந்த பால் சுத்தமான மூடிய பாத்திரத்திற் குளிர்ப்பெட்டியில் இருந்தால், மறுநாட் பகலுக்கு உதவும்.