கலெக்டர் மகளும் நம் பிள்ளைகளும்

2011-ல் ஈரோடு கலெக்டர் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். ஞாபகம் இருக்கிறதா? பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ‘இவரல்லவோ மனுஷன்!’ என்று நீங்களும் நானும் பாராட்டினோம். பாராட்டிவிட்டு என்ன செய்தோம்? நம் வீட்டுப் பிள்ளைக்கு டை கட்டிவிட்டு, ஸ்கூல் வேனுக்காகத் தெருமுனையில் போய் நின்றோம்.

அரசாங்க அதிகாரி ஒருவர், அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்ப்பது ஒரு செய்தியா? செய்தியாகிறது என்றால், சேர்க்காமல் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்று அர்த்தம். அன்றைக்குப் பாராட்டியதோடு கொஞ்சம் வெட்கமும் பட்டிருக்க வேண்டும் நாம்.

ஏனென்றால், இந்தப் பள்ளிக்கூடங்கள் சும்மா வந்துவிடவில்லை.

1920-ல் தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. அதையும் சில வருடங்களில் வெள்ளைக்கார அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஆரம்பக் கல்விப் பணத்தில் சோறு போடக்கூடாதாம்!

1953-ல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளியில் தினம் 3 மணி நேரம்தான் பாடம். மீதி நேரம் அப்பா செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை, ஷிப்ட் வைத்தால் அதிகம் பேரைச் சேர்க்கலாம் என்று காரணம் சொன்னார்கள். ‘குலக்கல்வி’ என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். செருப்பு தைப்பவர் மகன் மத்தியானம் என்ன கற்றுக்கொள்வான் என்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி போனார், காமராஜர் வந்தார். அதே வருடம் திட்டமும் போனது.

1956-ல் மதிய உணவு. 1958-லிருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னால் நின்றார். தங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊர்க்காரர்களே கேட்டு, பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் வாங்கிக் கொடுத்தார்கள். அரசாங்கப் பள்ளியை ‘நம்ம பள்ளிக்கூடம்’ என்று சொன்ன காலம் அது. பிறகு 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022-ல் ஸ்டாலினின் காலை உணவு. கட்சிகள் மாறின, பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்து வரும் வேலை நிற்கவில்லை.

இந்தக் கதையில் வில்லன் யார் தெரியுமா? நாம்தான்.

எல்லார் வீட்டுப் பிள்ளையும் உள்ளே வர ஆரம்பித்ததும், நாம் பின்வாசல் வழியாக நழுவினோம். எழுபதுகளின் கடைசியில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகத்திடமிருந்து மாநில அரசின் கைக்கு வந்தன. ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று ஒரே மாநிலத்தில் நான்கு வகைப் பிள்ளைகள்.

இதை மாற்றத்தான் 2006-ல் முத்துக்குமரன் குழு போட்டார்கள். அவர்கள் 109 பரிந்துரைகள் கொடுத்தார்கள். பொதுப் பாடத்திட்டம், பொதுப் புத்தகம், பொதுத் தேர்வு, பொது வாரியம் ஆகியவைதான் முக்கியமாகக் கைக்கு வந்தன. அந்தச் சமச்சீர் கல்விக்கும் என்ன ரகளை! 2010-ல் சட்டம். 2011-ல் ஆட்சி மாறியதும் அச்சடித்த புத்தகங்கள் குடோனில் கிடக்க, கோர்ட்டில் வழக்கு. அந்த ஆகஸ்ட் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் ‘பத்து நாளில் அமல்படுத்து’ என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கையில் புத்தகம் வந்தது.

அப்புறம் என்ன நடந்தது? புத்தகம் ஒன்றானதும் பள்ளிகள் வாசல் போர்டை மாற்றின. மெட்ரிக் போய் சி.பி.எஸ்.இ. வந்தது. நாமும் பின்னாலேயே ஓடினோம். பாடத்துக்காகத்தான் ஃபீஸ் கட்டினோம் என்றால் ஏன் ஓட வேண்டும்? நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் பையன் பக்கத்து பெஞ்சில் இருக்கக்கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் கட்டினோம். வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. என் மகனுக்கு எல்.கே.ஜி. அப்ளிகேஷன் வாங்க, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பள்ளி வாசலில் ஃபிளாஸ்க்கோடு வரிசையில் நின்றவன்தான். போகிற வழியில் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சார், அங்கே கக்கூஸ் சரியில்லை, வாத்தியார் பத்தலை” என்பீர்கள். பல இடங்களில் உண்மைதான். ஆனால், ஏன் சரியில்லை? மனு எழுதத் தெரிந்தவர், தகவல் அறியும் சட்டத்தில் கேள்வி போடத் தெரிந்தவர், கவுன்சிலருக்கு போன் போட்டு சத்தம் போடக்கூடியவர் எல்லாரும் தனியார் பள்ளி வாசலில் நிற்கிறோம். கேள்வி கேட்க வேண்டியவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியுமா?

2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு. அந்த இடத்தில் உட்கார நமக்குத் தகுதியே கிடையாது. ஏன்னா, நம்ம பிள்ளை அங்கே இல்லை!

எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பொதுப்பள்ளி, அருகமைப் பள்ளி என்று கோத்தாரி கமிஷன் 1966-லேயே சொல்லிவிட்டது. 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க வழி செய் என்று உத்தரப்பிரதேச அரசுக்கு உத்தரவு போட்டது. அதிகாரிகள் அலறினார்கள். உத்தரவு பேப்பரோடு சரி.

நம் ஊரில் அதற்குக் கோர்ட் வரைக்கும் போக வேண்டாம். அடுத்த தேர்தலுக்கு உங்கள் வீட்டு வாசலில் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள் இல்லையா? ரோடு, தண்ணி எல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள்: “உங்க பிள்ளை, பேரப்பிள்ளை எந்த ஸ்கூல்ல படிக்குது?”

அவர் பதிலுக்கு நம்மையும் அதே கேள்வி கேட்பார். அதனால்தான் இத்தனை வருடமாக நாம் கேட்கவே இல்லை.