கட்டு அவிழ்த்த பின்னர் ரப்பர் வார்

பழைய சித்தூர் மாவட்டத்தில், நகரிக்கும் திருப்பதிக்கும் இடையே அமைந்த புத்தூர், எலும்புக் கட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 'புத்தூர் கட்டு' என்றால் தமிழ்நாட்டிலும் விளக்கம் வேண்டுவதில்லை. அதற்கு அருகிலேயே திருப்பதியில், தேவஸ்தானத்தின் 'பர்டு' எலும்பு மருத்துவமனையும் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையமும் உள்ளன. மூங்கில் பத்தையா, மாவுக்கட்டா என்னும் வழக்கு இப்பகுதியில் ஓய்ந்தபாடில்லை. தோல் கிழிந்த முறிவையும் மூட்டினுள் நேர்ந்த முறிவையும் மருத்துவமனைக்கே அனுப்பவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இவ்வழக்கில் பேசப்படாத ஒன்று உண்டு. கட்டு அவிழ்த்த மறுநாள் முதல் நோயாளி என்ன செய்கிறார் என்பதே அது.

அசையாது கட்டப்பட்ட தசை ஓரிரு வாரங்களிலேயே இளைக்கத் தொடங்கும். ஆறு வாரம் கழித்து எலும்பு கூடிவிட்டதென எக்ஸ்-ரே காட்டினும், தொடை மெலிந்து முழங்கால் மடங்காதிருக்கும். கடலைக் கொல்லையில் குந்தி உட்காரவும், மா மரத்தில் ஏறவும் அக்கால் உதவாது. வாரம் இருமுறை இயன்முறைச் சிகிச்சைக்கு வருக என்கிறோம். குப்பம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து திருப்பதி 150 கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு வருகைக்கும் நோயாளியின் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மூன்றாம் முறை அவர் வராவிட்டால் குறை அவருடையதன்று. ஆகவே, பயிற்சிக் கருவி அவருடன் வீடு செல்லவேண்டும். இரும்புக் குண்டுகளைச் சுமந்து செல்ல இயலாது; ரப்பர் வார் சட்டைப் பையில் அடங்கும்.

இது புதிய கருவியன்று. 1905இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த பயில்வான் யூஜின் சாண்டோ, ரப்பர் இழைகள் பூட்டிய பயிற்சிக் கருவியை விற்றவர். அவர் பெயர் நம்மிடையே பனியனுக்கு நிலைத்தது, கருவி நிலைக்கவில்லை. வார்ப் பயிற்சியால் விளையும் வலிமை, எடைப் பயிற்சியால் விளைவதற்கு ஏறத்தாழ ஈடானதென 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது.

ஆயினும் வாரை வெறுமனே கொடுத்தனுப்புவதை யாம் ஆதரிக்கவில்லை. எடை எங்கும் ஒரே அளவாகக் கீழ்நோக்கி இழுக்கும். வாரோ நீள நீள வலுத்து இழுக்கும். 1 மீட்டர் வாரை 2 மீட்டராக இழுக்க எவ்வளவு விசை வேண்டுமோ, அவ்வளவே அரை மீட்டர் துண்டை 1 மீட்டராக இழுக்கவும் வேண்டும். இரண்டாக மடித்தால் விசை இருமடங்காகும். பரவலாக வழங்கும் நிற வரிசையொன்றில், இருமடங்கு நீளத்தில் மஞ்சள் வார் சுமார் 1.4 கிலோவும், சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6 கிலோவும் இழுக்கின்றன. வேறு தயாரிப்பாளரின் நிறங்கள் வேறாக இருக்கலாம். எனவே நிறத்தை மட்டும் சொல்லாது, துண்டின் நீளத்தையும் நாற்காலிக் காலிலிருந்து கணுக்கால் இருக்கவேண்டிய தூரத்தையும் மையால் குறித்துக் கொடுத்தல் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து காலை மெல்ல நீட்டி, அதனினும் மெல்ல மடக்குதல்; பத்து முறை எளிதாகிவிட்டால் அடுத்த குறி. மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருந்தால் முந்தைய குறிக்குத் திரும்பவேண்டும். எலும்பு கூடியதென மருத்துவர் உறுதி செய்யுமுன் எந்தக் குறியும் வேண்டாம்.

வார் கிடைக்காத ஊரில் சைக்கிள் டியூப் உண்டு. அதனை இகழ வேண்டியதில்லை, அளக்கத்தான் வேண்டும். இங்கே ஆசிரியர்களின் உதவியை நாடுகிறோம். நீளவாக்கில் வெட்டிய டியூப் பட்டையைத் தொங்கவிட்டு, 1 கிலோ, 2 கிலோ என எடையேற்றி நீளத்தைக் குறித்தால் ஒரு வகுப்பு நேரத்தில் அட்டவணை ஆயத்தம். வரைபடம் நேர்கோடாக வராது வளைவதைக் கண்டு மாணவர் வினவுவர். ஹூக் விதியின் எல்லையைக் கற்பிக்க இதனினும் நல்ல தருணம் வாய்ப்பதரிது. ஒட்டுப்போட்ட டியூப் மட்டும் கூடாது. அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

கட்டு அவிழ்த்த காலுக்கு எண்ணெய் தேய்ப்பது நம் வழக்கம். எண்ணெய் ரப்பரை ஊறிப் பருக்கச் செய்து கெடுக்குமாதலால், துடைத்த பின்னரே வார் பூட்டவேண்டும். வெயிலில் தொங்கவிட்ட வாரும் வெடிக்கும். ரப்பர்ப் பால் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். அவர்களுக்குப் பால் கலவாத வார் உண்டு.

துணைச் சுகாதார நிலையத்தில் பஞ்சும் கட்டுத்துணியும் உள்ள அலமாரியில் சில வார்ச் சுருள்களும் ஓர் அளவுநாடாவும் வைக்க அதிகச் செலவாகாது. புத்தூரில் கட்டியவரா, திருப்பதியில் கட்டியவரா என வினவாமல், எலும்பு கூடிய சான்றுடன் வருபவர் எவருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கலாம்.