பெற்றோர் பக்கம்: செல்போனிலும் ஒரு வாசல் உண்டு



நமது ஊரின் ஓரமாக ஓடும் ஆரணியாறு சென்று சேருமிடம் பழவேற்காடு. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். பிள்ளை பிடிப்பவராக இருக்கக்கூடும் என்ற ஐயம் ஒன்றே அதற்குக் காரணம். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரும் இதே ஐயத்தால் உயிரிழந்தார். குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்தியே இவ்வளவுக்கும் வித்தாயிற்று. அவ்வாண்டு ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

அந்தச் செய்தியைப் பரப்பியவர்கள் எல்லாரும் தீயவர்களா? இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தாய் தந்தையர். பிள்ளைகளைக் காக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தோடுதான் விரலை அழுத்தினார்கள். பெரியவர்களையே இப்படித் தடுமாறச் செய்யும் ஒரு கருவியை ஏழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, நாம் நிம்மதியாக இருக்க முடியுமா?

இந்தக் கருவி பிள்ளைகளின் கைக்கு வந்ததில் அவர்களுடைய குற்றம் எதுவுமில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்கப் பள்ளி வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் நாள். இடைப்பட்ட காலத்தில் செல்போனே கரும்பலகையாயிற்று. பள்ளி திறந்த பின்னும் அது கையை விட்டு இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து வந்த அத்தா பகலில் உறங்க வேண்டும். அம்மாவுக்கு அடுப்படி வேலை. பிள்ளை சத்தம் போடாமலிருக்க ஒரே வழி செல்போன் என்றாகிவிட்டது பல வீடுகளில்.

தடை செய்தால் தீர்ந்துவிடும் என்போர் உண்டு. 2019 ஏப்ரல் 3ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, குழந்தைகளின் பாதுகாப்பையும் கருதி டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்றே வாரங்களில் அத்தடை நீங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் மத்திய அரசே அதனைத் தடை செய்தது. ஆயினும் என்ன? அதே குறும்படங்கள் வேறு பெயர்களில் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாதென்ற சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுபோன்ற சட்டத்தை இங்கும் ஆராயலாமென்று அதே மாதத்தில் மதுரைக் கிளை கருத்துக் கூறியுள்ளது. சட்டம் வரட்டும், வரவேற்போம். அதுவரை காத்திருக்க இயலாது. சட்டம் வந்த பின்னும் வீட்டின் கடமை வீட்டினுடையதே.

அக்கடமை புதியதும் அன்று. நாம் அன்றாடம் கற்பிக்கும் மூன்று ஒழுக்கங்களைச் செல்போனுக்கும் நீட்டித்தால் போதும்.

முதலாவது: அனுமதி பெறுதல்

பிறர் வீட்டுக்குச் சென்றால் வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி கிடைத்த பின்பே உள்ளே நுழைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். செல்போனிலும் வாசல் உண்டு. புதிய விளையாட்டை இறக்குவது, அறியாத ஒருவரோடு பேசுவது, தோழனின் படத்தை எடுத்து அனுப்புவது ஆகிய அனைத்தும் அனுமதி கேட்க வேண்டிய வாசல்களே. விளையாட்டின் நடுவே, “உன் பெயர் என்ன? எந்தப் பள்ளி? வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்பவன் வாசலில் நில்லாமல் நடுவீட்டுக்கு வந்துவிட்டவன். பெயர், பள்ளி, முகவரி, போன் எண், ஓடிபி ஆகிய ஐந்தையும் எவரிடமும் சொல்லலாகாது என்று பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள்.

கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் வசதியை அமைத்துக் கொண்டால், உங்கள் ஒப்புதலின்றிப் பிள்ளை புதிய செயலியை இறக்க முடியாது. பணம் அனுப்பும் செயலிகள் உள்ள போனைப் பிள்ளையிடம் கொடுக்கவே வேண்டாம். பள்ளிச் சீருடையோடு பிள்ளையின் படத்தை ஊரறிய நாமே ஸ்டேட்டஸில் வைப்பதையும் நிறுத்துவோம்.

இரண்டாவது: விசாரித்தல்

புறம் பேசுதல் நாவால் மட்டும் நிகழ்வதன்று, விரலாலும் நிகழும். “இதைச் சொன்னவர் யார்? இது உண்மையா? இதனால் எவருக்கேனும் துன்பம் வருமா?” என்னும் மூன்று கேள்விகளை மூன்றாம் வகுப்புப் பிள்ளையாலும் கேட்க முடியும். அடுத்த முறை உங்களுக்கு ஒரு செய்தி வரும்போது பிள்ளையை அருகில் அமர்த்தி, இக்கேள்விகளை அதன் முன்னிலையிலேயே கேட்டுப் பாருங்கள். விடை தெரியாத செய்தியை அனுப்பாமல் விடுங்கள். வகுப்புத் தோழனைக் கேலி செய்யும் படத்தையும் இவ்வாறே நிறுத்திவிட வேண்டுமென்பதைப் பிள்ளை தானே புரிந்து கொள்ளும்.

மூன்றாவது: மறைக்காதிருத்தல்

இதுவே எல்லாவற்றினும் முக்கியமானது. பாடம் பார்க்கும்போது தகாத படமொன்று திடீரென வந்துவிடுகிறது. பிள்ளை நடுங்குகிறது. சொன்னால் அடி விழும், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எண்ணி வாய் திறவாமல் இருந்துவிடுகிறது. பிள்ளைகளைக் கெடுக்க நினைப்பவனுக்கு வேண்டியதும் இந்த மௌனமே. “வீட்டில் சொல்லிவிடாதே” என்பதுதான் அவன் முதலில் கற்றுக் கொடுக்கும் பாடம். ஆகவே நாம் முந்திக் கொள்ள வேண்டும். “என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், உன்னைத் திட்ட மாட்டோம்” என்று இன்றே வாக்குக் கொடுங்கள். பிள்ளை சொல்ல வரும் நாளில் கோபத்தை அடக்கி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை வாக்குத் தவறினால் மறுமுறை பிள்ளை நம்மிடம் வராது.

எவரேனும் பிள்ளையை மிரட்டினாலோ தவறாகப் பேசினாலோ, அச்செய்திகளை அழிக்காமல் காவல்துறையிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையவழிப் பண மோசடிக்கு 1930. போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைகளை இழிவாகக் காட்டும் ஆபாசப் படங்களை வைத்திருப்பதும் குற்றமென 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே, பிறரை எச்சரிப்பதாக எண்ணிக்கூட அத்தகைய படங்களை எவருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளை ஓர் அமானிதம். இன்றிரவு உணவு முடிந்ததும் உங்கள் போனைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் அருகில் அமருங்கள். “நீ பார்ப்பதை எனக்கும் காட்டு” என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் அரைமணி நேரம் பாருங்கள். இரவு ஷிப்டுக்குச் செல்பவர் விடுமுறை நாளிலாவது இதைச் செய்யலாம். பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பது அந்த அரைமணி நேரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.