கிரவுண்டை மூடும் முன் ஒரு கேள்வி

எந்தக் காலேஜிலும் புது பிளாக் கட்ட இடம் தேடினால் முதலில் கண்ணில் படுவது கிரவுண்டுதான். "சும்மாதானே கிடக்கு" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு ஒரு பழைய பேஸ்பால் மைதானத்தின் கதையைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் இருக்கிறது டெக்சாஸ் பல்கலைக்கழகம். அதன் கிளார்க் ஃபீல்டு 1928-ல் திறக்கப்பட்டது. மைதானத்துக்கு உள்ளேயே, நடு எல்லைப் பக்கம், சுண்ணாம்புப் பாறை மேடு ஒன்று சுவர் மாதிரி நின்றது. சில இடங்களில் 12 அடி, சில இடங்களில் 30 அடி உயரம். பெயர் 'பில்லி கோட் ஹில்', அதாவது கிடா ஏறும் குன்று! பந்து மேலே விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. ஃபீல்டர் ஒற்றையடிப் பாதையில் ஏறி ஓடித்தான் எடுக்கணும். எந்தப் பந்துக்கு மேலே நிற்பது, எதற்குக் கீழே நிற்பது என்பது உள்ளூர்ப் பசங்களுக்கு அத்துப்படி. வெளியூர் டீமுக்குத் திண்டாட்டம். 1929-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி அங்கே வந்து ஆடியபோது, லூ கெரிக் அந்தப் பாறையையும் தாண்டிப் பந்தை அடித்தார்.

போதமலையைப் பார்த்தபடி விளையாடும் நமக்கு இது புரியும். பாறையும் மேடும் குறையில்லை, அதுதான் அந்த இடத்தோட அடையாளம்.

அந்த மைதானமும் கடைசியில் போய்விட்டது. இன்று அங்கே ஒரு இசை அரங்கம் நிற்கிறது. ஆனால் போன விதத்தைக் கவனியுங்கள். கிளார்க் ஃபீல்டின் கடைசி சீசன் 1974. புது மைதானம் 1975-லேயே தயார். ஒரு சீசன்கூட வீணாகவில்லை. புது மைதானத்துக்கு டிஷ்-ஃபால்க் என்று பெயர், அங்கேயே பயிற்சி கொடுத்த இரண்டு கோச்சுகளின் நினைவாக.

லேப் வேண்டாம், பிளாக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம படிப்பே நாலு வருஷம்தான். "ரெண்டு வருஷத்துல வேற கிரவுண்டு வந்துடும்" என்றால், ஒரு பேட்ச்சுக்குப் பாதிக் காலேஜ் வாழ்க்கை போச்சு என்று அர்த்தம். ஜேசிபி உள்ளே வரும் முன்னால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த கிரவுண்டு எங்கே, எப்போது? பதில் வரும்வரை கோல் போஸ்ட்டைப் பிடுங்க விடாதீங்க.